கொள்ளிட மணலில் ஒரு கவச ஹோவர்கிராஃப்ட்

அவர் மூன்று சந்தேகங்களை எழுதியிருந்தார்.

ஒன்று, இவ்வளவு இரும்பைச் சுமந்துகொண்டு இந்த வண்டி தரையை விட்டு எழும்புமா? இரண்டு, எழும்பினாலும் மணலிலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து மறுபடி மணலுக்கும் போகுமா? மூன்று, போனாலும் அது சண்டை போடுமா?

என் தோழி அதை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியபோது, துவாக்குடியில் நான் வேலை பார்க்கும் தொழிற்கூடத்தில் ஒரு கொதிகலன் குழாயின் வெல்டிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். வெல்டிங் செய்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதும், இருந்தால் இருக்கிறது என்று எழுதுவதும்தான் என் வேலை. எழுதினால் யாராவது ஒருவருக்குக் கோபம் வரும். எனக்கு அது பழகிவிட்டது.

மூன்று சந்தேகங்களுக்கும் கீழே அவள் ஒரு வரி சேர்த்திருந்தாள். "இந்த ஆளுக்கு நேர்லயே ஓட்டிக் காட்டிடுவோமா?"

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர்கள். அவள் பாலக்கரைக்காரி. வேலையை விட்டுவிட்டு மூன்று வருடமாக வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஒரு சித்திரக்கதை வரைந்துகொண்டிருந்தாள். நடக்காத ஒரு சரித்திரம் அது. உண்மையில் ஹோவர்கிராஃப்ட் என்னும் காற்றுமெத்தை வண்டி மெல்லத்தான் வளர்ந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் ஒரு ஐரோப்பியக் கடற்படை அந்த மாதிரிப் படகு ஒன்றைச் சோதித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அடுத்த போருக்கு முன்னால் சோவியத் நாட்டில் சில ஓடின. கவசம் பூட்டிய ஒன்று காகிதத்தோடு நின்றது. அது நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என் தோழியின் கதை. அவளுடைய உலகத்தில் எதிரிப்படை கிழக்குக் கடற்கரையில் இறங்குகிறது. காவிரிப் பாலங்கள் தகர்க்கப்படுகின்றன. கொள்ளிடத்தின் மணலையும் தண்ணீரையும் தாண்ட டாங்கியாலும் முடியவில்லை, படகாலும் முடியவில்லை. அப்போது பன்னிரண்டு கவச ஹோவர்கிராஃப்டுகள் வடகரையிலிருந்து இறங்கி வந்து, ஸ்ரீரங்கத்துக்கு எதிரே மணலில் டாங்கிகளோடு மோதி ஜெயிக்கின்றன. கடைசி நாற்பது பக்கம் முழுக்க அந்தச் சண்டைதான்.

சென்னையில் ஒரு பதிப்பகம் அதை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. ஆனால் ராணுவ விஷயம் தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டவர் ராணுவத்தில் பொறியாளராகச் சில வருடம் இருந்துவிட்டு, இப்போது எடமலைப்பட்டி புதூரில் போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையம் நடத்துபவர். கேப்டன் என்றே எல்லோரும் சொன்னார்கள். அந்த மூன்று சந்தேகங்களும் அவருடையவை. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பதிப்பகத்திடம் வேறொரு யோசனை இருந்தது. எஞ்சினுக்குப் பதிலாக ஒரு மந்திரக்கல் வைத்து, சிறுவர் கதையாக மாற்றிவிடலாம் என்றார்கள்.

"மந்திரக்கல்லாம்டி," என்றாள் அன்று மாலை போனில். "மூணு வருஷம் வரைஞ்சு, கடைசியில மந்திரக்கல். அப்படின்னா எனக்கு வேணாம். அண்ணன் தோஹாவுல வேலை ரெடியா வச்சிருக்கான். ஹோட்டல் மெனு கார்டு டிசைன் பண்ணிட்டு உக்காந்திருப்பேன்."

"போயிடுவியா?"

"போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைக்காத."

விளையாட்டுக்குச் சொல்லும்போது அவள் குரல் உயரும். அன்று உயரவில்லை.

திருவானைக்காவலில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் ஒரு மாதிரி வண்டிக்கான வேலை ஆரம்பித்தது. ஒற்றைக் கதவு அகலத்துக்கு ஒரு பிளைவுட் தளம். அதன் நடுவில், கீழ்நோக்கிக் காற்றைத் தள்ள, காய்ந்த இலைகளை ஊதித்தள்ளும் பெட்ரோல் ப்ளோயர். முன்னால் தள்ள, பின்பக்கம் ட்ரோனில் பயன்படுத்தும் இரண்டு மோட்டார்கள். திருப்ப ஒரு சுக்கான். தளத்தைச் சுற்றிலும் காற்று வெளியே ஓடாமல் இருக்க, ஆட்டோவுக்கு டாப் போடும் ரெக்சினில் தைத்த தொங்கல். ஆங்கிலத்தில் ஸ்கர்ட் என்பார்கள். அவள் பாவாடை என்றாள். நானும் பாவாடை என்றே எழுதினேன்.

கவசத்தில்தான் சண்டை வந்தது. அட்டையில் செய்து பெயின்ட் அடித்தால் போதும், எடைக்கு மணல் மூட்டை வைத்துக் கணக்கைச் சரிக்கட்டலாம் என்றேன்.

"அட்டையா? அந்தாளு தட்டிப் பார்ப்பாரு. டொக்குன்னு சத்தம் வந்தா என் மூஞ்சியை எங்க வச்சுப்பேன்?"

இரும்புத் தகடுதான் வைத்தோம். சாய்ந்த பக்கங்கள், சின்ன கோபுரம், முன்பக்கத்துக்கு ஒரு மூக்கு, எல்லாம் அவள் படத்தில் இருந்த விகிதத்திலேயே. எடை போட்டபோது வண்டியைவிடக் கவசம் கனமாக இருந்தது. காகிதத்தில் கணக்குப் போட்டேன். தளத்தின் பரப்பு, ப்ளோயர் தரும் அழுத்தம், மொத்த எடை. எழும்ப வேண்டும். ஆனால் மிச்சம் என்று சொல்ல எதுவும் இல்லை. பாவாடையின் ஓரம் ஒரு கை நீளத்துக்குத் தூக்கிக்கொண்டாலும் காற்று கசிந்து வண்டி உட்கார்ந்துவிடும். அதை அவளிடம் சொன்னேன்.

"உக்காராது," என்றாள்.

"நான் சொல்லல. கணக்கு சொல்லுது."

"கணக்கைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும்போது அம்மா ஒரு மஞ்சள் பையோடு வந்தார்.

"முதல் முதலா ஓடப்போற வண்டி. எலுமிச்சம்பழம் நசுக்காம எடுக்கக் கூடாது."

"சக்கரமே இல்லைம்மா இதுக்கு. எங்க வைக்கிறது?"

அம்மா வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். லோடு ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். பின்னால் நானும் தோழியும் வண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி உட்கார்ந்தோம். அவள் கழுத்திலிருந்த சிலுவையைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்தாள்.

கொள்ளிடம் பாலத்துக்குக் கிழக்கே, கரையிலிருந்து மணலுக்கு ஆட்டோ இறங்கும் ஒரு வழி இருக்கிறது. காவிரியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சமயம். கொள்ளிடத்தில் திறக்கவில்லை. மணல்மேடு, நடுவே பழைய வெள்ளம் விட்டுப்போன ஒரு நீளமான தேங்கல், அதற்கு அப்பால் மறுபடி மணல், கடைசியில் சீமைக்கருவேலப் புதர். ஆடிக் காற்று காலையிலேயே எழுந்துவிட்டிருந்தது. மேற்கிலிருந்து மணலை வாரிக் கணுக்காலில் அடித்தது. காற்றை நான் என் பட்டியலில் எழுதியிருந்தேன். இத்தனை காற்று என்று எழுதவில்லை.

கேப்டன் பைக்கில் வந்தார். நாற்பது வயதிருக்கும். டிராக் பேண்ட், கூலிங் கிளாஸ்.

"குட் மார்னிங் மேடம். இதுதானா உங்க படை?" என்று கவசத்தை விரலால் தட்டினார். கணீரென்று சத்தம் வந்தது. தோழி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கவசச் சண்டையில் ஜெயித்த வெற்றி இருந்தது.

அவருக்கு வண்டியின் பாகங்களைச் சொல்லிக் காட்டிவிட்டு, ரிமோட்டை எடுத்துக்கொண்டு வந்து ப்ளோயரை இழுத்து ஸ்டார்ட் செய்தேன். ரெக்சின் பாவாடை உப்பியது. தளம் ஒரு பக்கம் லேசாக ஆடியது. அவ்வளவுதான். முழு வேகம் கொடுத்தேன். நான்கு பக்கமும் மணல் பீறிட்டதே தவிர வண்டி எழும்பவில்லை.

"ஒண்ணாவது சந்தேகம்," என்றார் கேப்டன் மெதுவாக, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தபடி.

தோழியின் முகத்தை நான் பார்க்கவில்லை. அணைத்தேன். பெட்ரோல் இருக்கிறது. ப்ளோயர் சரியாகச் சுற்றுகிறது. குழாய் இணைப்பில் கசிவு இல்லை. தகடு எதுவும் நழுவவில்லை. வீட்டில் போர்ட்டிகோ தரையில் இதே எடையோடு எழும்பிய வண்டிதான்.

"சார் கிளம்பிடப் போறாருடி," என்றாள் தோழி என் காதருகே. "ஏதாவது பண்ணு. ரெண்டு தகடைக் கழட்டிடுவோமா?"

"கழட்டினா அப்புறம் அது நீ வரைஞ்ச வண்டி இல்ல. இரு."

மணலில் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையோடு வைத்து, பாவாடையின் ஓரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தேன். வெல்டிங்கில் விரிசல் தேடுவதும் இதேபோலத்தான். ஒரே நேராகப் போகிற கோடு எங்கே நேராக இல்லை என்று பார்க்க வேண்டும். முன் மூலையில் கோடு சற்று மேலே ஏறி இறங்கியது. விரலை விட்டேன். உருண்டையாக, குளிர்ச்சியாக ஏதோ ஒன்று கிடைத்தது. இழுத்தேன். எலுமிச்சம்பழம். மூலைக்கு ஒன்றாக நான்கு இருந்தன.

"அம்மா!"

"நீங்க அவரோட பேசிட்டிருந்தீங்க. அதான் நானே வச்சேன்," என்றார் அம்மா ஆட்டோ நிழலிலிருந்து. "ஏன், நசுங்கலையா?"

"நசுங்காதும்மா! இது மேல எழும்புற வண்டி!"

"எழும்பவும் இல்லையே," என்றார் அம்மா.

கேப்டனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு பழத்தை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "ஆன்ட்டி, பன்னெண்டு கவச வண்டியை நிறுத்த நாலு டஜன் எலுமிச்சம்பழம் போதும்னு காட்டிட்டீங்க. எதிரிக்குப் பீரங்கியே வேணாம்."

தோழி சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் வேடிக்கை பாதிதான் என்று எனக்கும் தெரிந்தது.

மறுபடி ஸ்டார்ட் செய்தேன். இந்தத் தடவை வண்டி மூச்சு இழுத்ததைப்போல ஒரே சீராக உயர்ந்தது. உயரம் ஒரு விரல் அகலம் இருந்தால் அதிகம். ஆனால் இத்தனை இரும்பும் மணலைத் தொடாமல் நின்றது. அந்த ஒரு கணம் கேப்டன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "சேசுவே," என்றாள் தோழி.

பின் மோட்டார்களை முடுக்கினேன். வண்டி தேங்கலை நோக்கி நகர்ந்தது. நேராகத்தான் விட்டேன். காற்று அதைக் கிழக்கே தள்ளியது. தரையைத் தொடாத வண்டிக்குத் தரையில் பிடிப்பு எங்கே? சுக்கானை முழுக்கத் திருப்பினால் மூக்கு திரும்பியது, உடம்பு திரும்பவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டே கிழக்கே போனது. மணல்மேட்டின் சரிவு வந்ததும் இன்னும் வேகமாக நழுவி, நாங்கள் குறித்து வைத்திருந்த இடத்துக்கு வெகுதூரம் கீழே தண்ணீரில் இறங்கியது.

இறங்கியதும் வேகம் செத்தது. காற்றழுத்தத்தில் தண்ணீர் குழிந்து, வண்டிக்கு முன்னால் ஒரு அலை மேடாக எழுந்து நின்றது. எடை குறைவான வண்டி அந்த மேட்டை ஏறித் தாண்டிவிடும். எங்களுடையது அதன் பின்னாலேயே மாட்டிக்கொண்டது. தண்ணீர்ப் புகை மேலே அடித்து ப்ளோயரின் வாயை நனைத்தது. சத்தம் இரண்டு முறை அடைத்தது.

"முழுகுது! முழுகுதுடி!" தோழி ஓட ஆரம்பித்தாள்.

"இறங்காத!"

அவள் செருப்பை உதறிவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் காணாமல் போகலாம். அவளுக்கு நீச்சல் தெரியாது. "மேடம், பின்னால வாங்க! பள்ளம்!" என்று கேப்டன் கத்திக்கொண்டே ஓடினார். அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கி அவள் பெயரைச் சொல்லி அழைத்தார். அவள் காதில் எதுவும் விழவில்லை. வண்டியைத் தவிர அவள் எதையும் பார்க்கவில்லை.

வண்டி அங்கே நிற்கும்வரை அவளும் நிற்கமாட்டாள். அது போனால்தான் அவள் நிற்பாள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. மூக்கைக் காற்றோடு கிழக்கே திருப்பினேன். ப்ளோயருக்கும் மோட்டார்களுக்கும் இருந்த எல்லாவற்றையும் கொடுத்தேன். பேட்டரி எரிந்துபோனாலும் போகட்டும், கவிழ்ந்தாலும் கவிழட்டும் என்று விட்டேன். வண்டி நடுங்கியது. பின்புறம் தாழ்ந்தது. காற்று பின்னாலிருந்து ஒரு அறை கொடுத்தது. மூக்கு அந்த அலைமேட்டின்மேல் ஏறி, மறுபக்கம் விழுந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சாய்வாகப் பறந்து அக்கரை மணலில் ஏறியது. ஏறியதோடு நிற்கவும் இல்லை. நிறுத்தப் பிடிப்பு இல்லை. நேரே சீமைக்கருவேலப் புதரில் போய் மோதி, பாவாடை கிழிந்து, பொத்தென்று உட்கார்ந்தது.

தோழி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கேப்டன் அவள் கையைப் பிடித்திருந்தார்.

பாலத்துப் பக்கமாகச் சுற்றி அக்கரைக்குப் போய் வண்டியைப் பார்த்தோம். ஒரு பக்கம் முழுவதும் முள் கிழித்திருந்தது. தோழியின் சுடிதாரிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆனாலும் அவள் கண்கள் பளபளத்தன.

"எழும்பிச்சு. தாண்டிச்சு. ரெண்டு சந்தேகம் காலி. சரிதானே சார்?"

"காலி," என்றார் கேப்டன். "ஒத்துக்கிறேன். தண்ணியில நின்னுடும்னுதான் நான் பந்தயம் கட்டியிருப்பேன்." அப்புறம் அவர் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மூணாவதை நீங்க சொல்லுங்க. நீங்கதானே கணக்கு. இவ்வளவு கவசத்தோட இது டாங்கி எதிர்ல நின்னு சண்டை போடுமா?"

தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமாக இருந்தது. போடும் என்று நான் சொன்னால் அவர் அப்படியே எழுதிவிடுவார் என்று எனக்குப் பட்டது. பதிப்பகம் நாற்பது பக்கத்தையும் அப்படியே அச்சடிக்கும். தோஹா விமானத்தில் அவள் ஏறமாட்டாள்.

"போடாது," என்றேன்.

அவள் கை விலகியது.

"கவசம் ஆளைக் காப்பாத்தும். பாவாடையைக் காப்பாத்தாது. முள்ளே கிழிச்சிருச்சு, துப்பாக்கி என்ன பண்ணும்? பீரங்கி வச்சுப் பக்கவாட்டுல சுட்டா வண்டியே எதிர்ப்பக்கமா வழுக்கும். திரும்பச் சொன்னா திரும்பாது, நில்லுன்னா நிக்காது. இரும்பு ஏத்த ஏத்த இதெல்லாம் மோசமாத்தான் ஆகும். இரும்பைக் கழட்டிட்டு ஆளை ஏத்தினா, வேற எதுவும் போக முடியாத இடத்துக்கு இது போகும். போய் இறக்கிட்டு வந்துடும். அதுக்கு மட்டும்தான் சார் இது."

கேப்டன் தலையாட்டினார்.

"முன்னாடியே தெரியுமா உனக்கு?" என்றாள் தோழி.

"சந்தேகம் இருந்துச்சு. இன்னைக்குத்தான் பார்த்தேன்."

"நீ யாரு பக்கம்டி?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கரையேறி, பாலத்தில் வந்த பஸ்ஸில் ஈர உடையோடு ஏறிப் போய்விட்டாள். வண்டியை நானும் அம்மாவும் ஆட்டோ டிரைவரும்தான் ஏற்றினோம். "பழம் வச்சதுனாலயா கோவிச்சுக்கிட்டா?" என்று அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

கேப்டன் பதிப்பகத்துக்கு நியாயமாகவே எழுதினார். வண்டி சாத்தியம்தான், மந்திரக்கல் தேவையில்லை, ஆனால் கடைசிச் சண்டையைத் தன்னால் ஏற்க முடியாது. பதிப்பகம் அவளுக்குக் கார்த்திகை வரை நேரம் கொடுத்தது. கடைசிப் பகுதியை மாற்றி வரைந்து தந்தால் தை மாதப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவரலாம், இல்லையென்றால் இந்தப் பேச்சை விட்டுவிடலாம். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. கேப்டன் சொன்னார். அவளுக்கு நான் அனுப்பியவை எல்லாம் நீல டிக் ஆயின, பதில் வரவில்லை. காந்தி மார்க்கெட்டில் ஒருநாள் அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். "பாஸ்போர்ட்டு எல்லாம் அண்ணனுக்கு அனுப்பிட்டா," என்றார். "ராத்திரியெல்லாம் லைட்டு எரியுது. பெட்டி கட்டுறாளா, என்ன பண்றாளோ, கேட்டா கதவைச் சாத்திக்கிறா."

நானாகப் போய்க் கதவைத் தட்டவில்லை. என்ன சொல்வது? சொன்னதை மாற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தொழிற்கூடத்தில் ஒரு குழாயை நிராகரித்தால் அதை அறுத்துவிட்டு மறுபடி வெல்டிங் செய்வார்கள், நான் மறுபடி சோதிப்பேன். அதற்கு ஒரு முறை இருக்கிறது. நாற்பது பக்கம் படத்துக்கு அப்படி ஒரு முறை எதுவும் எனக்குத் தெரியாது.

ஐப்பசி மழை ஆரம்பித்திருந்த ஒரு மதியம், தொழிற்கூடத்தில் இருந்தபோது அவள் பெயர் போனில் ஒளிர்ந்தது.

"ஒரு சந்தேகம்," என்றாள். நலமா என்றெல்லாம் இல்லை. "அந்தக் காலத்துல கவசத் தகட்டை போல்ட்டு போட்டா மாட்டியிருப்பாங்க?"

"ரிவெட் அடிச்சிருப்பாங்க."

"கழட்டணும்னா?"

"கழட்ட முடியாது. ஆணியோட தலையை உளி வச்சு வெட்டணும். ஒருத்தர் உளியைப் பிடிக்கணும், இன்னொருத்தர் சம்மட்டி அடிக்கணும்."

அந்தப் பக்கம் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது.

"பன்னெண்டு வண்டி. வடகரையில நிக்குது. விடியறதுக்குள்ள எல்லாத் தகடையும் வெட்டி எடுக்கணும். வெட்டினா அக்கரையில மாட்டிக்கிட்டவங்களைக் கொண்டுவரலாம். வெட்டலைன்னா சண்டைக்குப் போய்ச் சாகலாம். மெக்கானிக் பொண்ணு வெட்டணுங்கிறா, மேலதிகாரி கூடாதுங்கிறான். ஒரே ராத்திரியில முடியுமாடி?"

"ஆள் எத்தனை?"

"எத்தனை வேணும்?"

"வண்டிக்கு நாலு ஜோடி. கை மாத்தி மாத்தி அடிக்கணும்."

"சரி. அப்ப ஊர்க்காரங்களும் வரணும்." மறுபடி பென்சில். "அண்ணன்கிட்ட இப்போதைக்கு வேணாம்னு சொல்லிட்டேன். நீ ஒண்ணும் பேசாத. உளி எப்படி இருக்கும், அதைப் பிடிக்கிற கை எப்படி இருக்கும், போட்டோ எடுத்து அனுப்பு."

வைத்துவிட்டாள்.

ஃபிட்டர் மேசைக்குப் போய் ஒரு உளியைக் கேட்டு வாங்கினேன். வேண்டாமென்று ஒதுக்கிய தகடு ஒன்றின்மேல் அதை நிறுத்தி, இடது கையால் பிடித்து, வலது கையால் படம் எடுத்து அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "நிழல் விழுது. அந்தப் பக்கம் வந்து எடு."

நான் அந்தப் பக்கம் போய் நின்று மறுபடி எடுத்தேன்.